பிள்ளைக்குப் பெயரிடும்போது என்ன சொல்லுகிறோம்?



கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறினால், ஏலத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற வண்டன்மேடு வந்துவிடும். இடுக்கி மாவட்டத்தின் எல்லையோரத்திலுள்ள இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் எடுத்துப் பிழைத்து வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் குடியேறியிருக்கிறார்கள். இதை வாசிக்கும் நீங்களும் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தவராயிருக்கலாம்.

அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர்களைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். கம்பத்துக்கு அருகிலுள்ள சுருளி அருவியின் பெயரால் பாட்டி சுருளியம்மாளாய் இருந்திருப்பார். சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பின்பு பிறந்த மகனுக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டிருப்பார்கள். பேத்திக்கு வேதத்திலிருந்து பியூலா என்ற பெயர் கிடைத்திருக்கும். நகரத்தில் பிறந்த அடுத்த தலைமுறைக் குழந்தைக்கோ, கைபேசியில் தேடி எடுத்த ஒரு பெயர். ஓசை இனிமையாயிருக்கிறது, பொருள் என்னவென்று கேட்டால் பெற்றோருக்கே தெரிவதில்லை. நான்கு தலைமுறைகளில் நான்கு உலகங்கள்!

இவற்றில் எது நல்ல பெயர்? தமிழ்ப் பெயர் வைத்தால் விசுவாசம் குறைவா? எபிரெயப் பெயர் வைத்தால் பரிசுத்தம் கூடுமா? ஞானஸ்நானம் எடுத்தால் பழைய பெயரை விட்டுவிடத்தான் வேண்டுமா? சபைகளில் இக்கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. இவற்றுக்கு விடை காண, பெயர்கள் எங்கிருந்து வந்தன, எதைச் சொல்லுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

பெயரைத் தாங்குகிறவனே பேரன்

‘பேரன்’ என்னும் சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறோம். அது ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. மூத்தோரின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது நம்மிடையே எவ்வளவு பழமையான வழக்கம் என்பதற்கு இந்த உறவுச்சொல்லே சாட்சியாக நிற்கிறது.

மலையில் நம் அயலாராய் வாழும் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே வழக்கம் ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டு வந்தது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர். பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே பாட்டிமாரின் பெயர்கள் இடப்பட்டன.

யூதரிடத்திலும் உறவின்முறைப் பெயருக்கு மதிப்பிருந்தது. எலிசபெத்தின் குழந்தைக்கு எட்டாம் நாளில் பெயரிட வந்த சுற்றத்தார், தகப்பன் பெயரின்படி சகரியா என்று அழைக்க விரும்பினார்கள். தாயோ யோவான் என்றாள். உன் உறவின்முறையாரில் அந்தப் பெயருள்ளவன் ஒருவனும் இல்லையே என்று அவர்கள் மறுத்தபோது, பேச்சிழந்திருந்த தகப்பன் எழுத்துப்பலகையை வாங்கி, யோவான் என்றே எழுதினான் (லூக்கா 1:59-63). உறவினர் கேட்டதில் தவறொன்றுமில்லை. ஆனால் தேவன் அந்தக் குழந்தையைக் குறித்துச் சொல்ல விரும்பிய செய்தி அந்தப் புதிய பெயரில் இருந்தது.

உலகமெங்கும் பெயர் ஏதோவொன்றைச் சொல்லுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வாழும் அக்கான் மக்கள், குழந்தை பிறந்த கிழமையையே அதன் பெயராக இடுகிறார்கள். 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராயிருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர்; கோஃபி என்பதற்கு அதுவே பொருள். ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பனின் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசிப் புத்தகமும் சொந்தப் பெயரின் அகரவரிசையிலேயே அச்சிடப்பட்டது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வேதத்தில் வரும் பர்திமேயு, பர்யோனா என்பவையும் இன்னாருடைய குமாரன் என்று பொருள்படும் அரமேயப் பெயர்களே.

ஒரே பெயர், பல ஆடைகள்

யோவான் என்னும் பெயரின் எபிரெய மூலத்துக்கு, கர்த்தர் கிருபையுள்ளவர் என்று பொருள். இந்த ஒரே பெயர் நாடுகளைக் கடந்து செல்லும்போது எத்தனை ஆடைகளை மாற்றியிருக்கிறது! ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானிய மொழியில் ஹுவான், ரஷ்ய மொழியில் இவான், அயர்லாந்தில் ஷான், மலையாளத்தில் யோஹன்னான். தமிழகக் கத்தோலிக்கர் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொருளையே தமிழாக்கி அருளப்பர் என்றார்கள். பவுல் என்பது சிறியவர் என்று பொருள்படும் இலத்தீன் பெயர். அதைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யாக்கோபு ஸ்பானிய மொழியில் சந்தியாகோ ஆகி, நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகு ஆனார்.

வண்டன்மேட்டுச் சந்தையில் சாக்கோ என்று ஒருவரை அழைத்தால், அவர் நம் யாக்கோபு. ஔசேப்பு நம் யோசேப்பு. மத்தாயி நம் மத்தேயு. பத்ரோஸ் நம் பேதுரு. வர்கீஸ் என்பது ஜார்ஜ் என்னும் பெயரின் சிரிய வடிவம். அதன் கிரேக்க மூலத்துக்கு நிலத்தை உழைத்துப் பயிரிடுகிறவன் என்று பொருள். ஏலத்தோட்ட மலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு எது? குரியாக்கோஸ் என்றால் கர்த்தருக்குரியவன். சோசம்மா என்பது சூசன்னாள். லீலி புஷ்பம் என்று பொருள். அருகருகே வசித்தும் ஒருவர் பெயர் மற்றவருக்கு விநோதமாய்த் தோன்றுகிறது. பொருளைக் கேட்டறிந்தால் இரு வீட்டாரும் ஒரே வேதத்திலிருந்தே பெயர் எடுத்திருக்கிறோம் என்பது விளங்கும்.

தேவசகாயம் என்ற பெயரின் வரலாறு இன்னும் அழகானது. 1712-ஆம் ஆண்டு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் என்பவர், திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்தார். 1745-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயர் கொடுக்கப்பட்டது. லாசரு என்பது எலெயாசார் என்னும் எபிரெயப் பெயரின் குறுக்கம். தேவன் உதவினார் என்பது பொருள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். விசுவாசத்தினிமித்தம் சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கத்தோலிக்கர் அல்லாத நம் சபைகளிலும் தேவசகாயங்கள் எத்தனை பேர்! அந்தப் பெயரை ஒருவர் ‘பழைய காலத்துப் பெயர்’ என்று வெட்கப்பட்டு மறைத்தால், பெத்தானியா ஊர் லாசருவையும் சேர்த்தே மறைக்கிறார் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஞானமுத்து, கிருபை, அன்பு, ஜெபமணி, சமாதானம் முதலிய பெயர்களும் அப்படியே. வேதத்தின் பொருளைத் தமிழர் தங்கள் வாயில் வைத்துப் பார்த்த பெயர்கள் அவை.

பிறர் சூட்டிய பெயர்கள்

எல்லாப் பெயரும் அன்பினால் இடப்பட்டதல்ல. அதிகாரத்தினால் இடப்பட்ட பெயர்களும் உண்டு. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு வாலிபரின் பெயர்களும் தேவனைச் சொல்லின. தானியேல் என்றால் தேவன் என் நியாயாதிபதி. அனனியா என்றால் கர்த்தர் கிருபையுள்ளவர். அரமனைப் பிரதானி அவற்றை நீக்கி, பெல்தெஷாத்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று மறுபெயரிட்டான் (தானி. 1:7). பெல்தெஷாத்சார் என்பது தன் தேவனுடைய பெயரின்படி இடப்பட்டது என்று நேபுகாத்நேச்சாரே கூறுகிறான் (தானி. 4:8).

பிற்காலத்திலும் இப்படி நடந்ததுண்டு. 1918-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ரொலிஹ்லாஹ்லா என்ற சிறுவன் பள்ளிக்குச் சென்ற முதல் நாளில், ஆசிரியை அவனுக்கு நெல்சன் என்று ஆங்கிலப் பெயர் கொடுத்தார். அச்சிறுவனே பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியான நெல்சன் மண்டேலா. தமிழருக்குள்ளும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. 1816-இல் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், 1823-இல் வட்டுக்கோட்டையிலும் 1824-இல் உடுவிலிலும் விடுதிப் பள்ளிகளை நிறுவியது. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. அதனால்தான் கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று அக்கால அறிஞர்களின் பெயர்களில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து நிற்கின்றன. கல்வி கிடைத்தது, அது பெரிய நன்மை. ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளை, தன்னை ஒருபோதும் கண்டிராத ஒருவரின் பெயரைச் சுமக்க வேண்டியிருந்தது.

தானியேலுக்குப் பெயர் மாறியது, ஜெபம் மாறவில்லை. நாள்தோறும் மூன்று வேளை அவன் முழங்காற்படியிட்டது பெல்தெஷாத்சார் என்று அழைக்கப்பட்ட நாட்களில்தான். ஆகவே நம்மேல் பிறர் எழுதிய பெயரினால் நம் விசுவாசம் கெட்டுப்போவதில்லை. ஆயினும் நாம் பெற்ற பிள்ளைக்கு நாமே பெயரிடும் சுதந்திரம் கிடைத்திருக்கையில், அதைக் கவனமின்றிச் செலவிடலாமா?

துக்கத்தில் இட்ட பெயர்கள்

கம்பம், போடி, உசிலம்பட்டிப் பக்கங்களிலிருந்து மலைக்கு வந்த மூத்தோரின் பெயர்களை இன்றைய பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, மூக்காயி. சிரிப்பதற்கு முன் அந்தப் பெயர்களின் பின்னாலிருக்கும் கண்ணீரைக் காண வேண்டும். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து மரித்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன் என்று பெயரிட்டார்கள். தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை விலைக்கு வாங்குவதுபோல் பாவனை செய்தார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். மதிப்பில்லாதது என்று எண்ணி மரணம் விட்டுவிடாதா என்ற ஏக்கமே அந்தப் பெயர்களுக்குக் காரணம்.

இந்த ஏக்கம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. சீனத்துக் கிராமங்களில், நாய் தின்னாமல் விட்டது என்று பொருள்படும் பெயரைக் குழந்தைக்கு இட்டார்கள். நைஜீரியாவின் யோருபா மக்கள், மீண்டும் போய்விடாதே என்று பொருள்படும் மாலோமோ என்னும் பெயரையும், இருந்து வாழ்வை அனுபவி என்று பொருள்படும் துரோஜாயே என்னும் பெயரையும் இட்டார்கள். எந்த மொழியானாலும் பிள்ளையை இழந்த தாயின் மன்றாட்டு ஒன்றே. நாம் அவர்களுடைய நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளாதிருக்கலாம். அவர்களுடைய அன்பைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை. உங்கள் பாட்டியின் பெயர் குப்பம்மாள் என்றால், வாழ வேண்டும் என்று அத்தனை ஆசையாய் வளர்க்கப்பட்ட பிள்ளை அவர் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வேறொரு வகைப் பெயர் உண்டு. அது குழந்தையைக் காக்க இட்டதல்ல, குழந்தையின்மேல் வைத்த வெறுப்பினால் இட்டது. மூன்றாவதோ நான்காவதோ பெண் பிறந்துவிட்டால் போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் தேனி, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மகாராஷ்டிர மாநிலத்தில் இப்படிப்பட்ட பெண்களை நகூசா, அதாவது வேண்டாதவள், என்று அழைத்தார்கள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி, நகூசா என்றிருந்த 285 பெண்பிள்ளைகளுக்குப் புதிய பெயர்களைச் சூட்டியது. ஒவ்வொரு நாளும் வகுப்பில் வருகை எடுக்கும்போது ‘வேண்டாதவள்’ என்று ஆசிரியர் அழைக்க, ‘உள்ளேன்’ என்று எழுந்து நின்ற பிள்ளைகள் அவர்கள்.

இங்கே வேதம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ராகேல் பிரசவத்தில் உயிர் பிரியும்போது தன் குழந்தைக்குப் பெனொனி, என் துக்கத்தின் குமாரன், என்று பெயரிட்டாள். யாக்கோபு மரித்த மனைவியை மிகவும் நேசித்தவன். ஆயினும் அந்தத் துக்கத்தைப் பிள்ளையின் தலைமேல் வாழ்நாளெல்லாம் சுமத்த அவன் சம்மதிக்கவில்லை. பென்யமீன், வலதுகையின் குமாரன், என்று மாற்றினான் (ஆதி. 35:18). ஓசியாவின் மகள் லோருகாமா, இரக்கம் பெறாதவள். மகன் லோகம்மீ, என் ஜனமல்லாதவன். நியாயத்தீர்ப்பின் பெயர்கள் அவை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அந்த ‘லோ’ என்னும் மறுப்புச்சொல் நீக்கப்பட்டு, அம்மீ, ருகாமா என்று அழைக்கும்படி கட்டளை வருகிறது (ஓசியா 1:6,9, 2:1). யாபேசின் தாய் தன் வேதனையையே அவனுக்குப் பெயராக இட்டாள்; அவனோ இஸ்ரவேலின் தேவனை நோக்கி ஜெபித்து ஆசீர்வாதம் பெற்றான் (1 நாளா. 4:9,10).

ஆகவே, பெயர் பழையதா புதியதா, தமிழா எபிரெயமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பெயர் இந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்லுகிறது? அது அன்பைச் சொன்னால், எந்த மொழியானாலும் அதைச் சுமக்கலாம். அது வெறுப்பைச் சொன்னால், யாக்கோபைப்போல மாற்றத் தயங்க வேண்டாம்.

ஞானஸ்நானமும் பெயர் மாற்றமும்

இரட்சிக்கப்பட்டவர் பெயரை மாற்றத்தான் வேண்டும் என்று சில இடங்களில் வற்புறுத்தப்படுகிறது. வேதத்தை ஆராய்வோம். அப்போஸ்தலருடைய நடபடிகளில் ஞானஸ்நானத்தின்போது எவருக்கும் மறுபெயர் இடப்பட்டதாக நாம் வாசிப்பதில்லை. சவுல் தமஸ்கு வழியில் பவுல் ஆனார் என்று பலர் எண்ணுகிறார்கள்; மனந்திரும்பி நெடுநாள் சென்றபின், சீப்புரு தீவில் ஊழியம் செய்யும்போதுதான் அந்த ரோமப் பெயர் முதலில் குறிப்பிடப்படுகிறது (அப். 13:9). யோசேக்குப் பர்னபா என்று அப்போஸ்தலர் பெயரிட்டது அவருடைய குணத்தைக் கண்டு பாராட்டியது (அப். 4:36).

அதற்கு மாறாக, பவுல் நிருபங்களில் குறிப்பிடப்படும் விசுவாசிகளின் பெயர்களைப் பாருங்கள். அப்பொல்லோ என்பது கிரேக்கரின் சூரியதேவனான அப்பொல்லோனை நினைவூட்டும் பெயர். பெபேயாள் என்பது அர்த்தெமி தேவதையின் பட்டப்பெயர்களில் ஒன்றோடு தொடர்புடையது. எப்பாப்பிரோதீத்து என்பதற்குள் அப்பிரோதீத்தே என்னும் தேவதையின் பெயரே இருக்கிறது. இவர்களில் ஒருவரையும் பெயரை மாற்றிக்கொள் என்று அப்போஸ்தலன் எழுதவில்லை. என் சகோதரன், நம்முடைய சகோதரி என்றே எழுதினார். ரோமர் நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவின் பெயருக்கு மூன்றாமவன் என்று பொருள். குவர்த்து என்றால் நான்காமவன் (ரோமர் 16:22,23). இப்படி எண்ணால் பெயரிடப்பட்டவர்களும் சபையில் சகோதரராய் நின்றார்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) ஞானஸ்நானத்தில் ஹென்றி ஆல்பிரெட் என்ற பெயரைப் பெற்றும், கிருஷ்ணபிள்ளை என்னும் பெயரை விட்டுவிடவில்லை. மராத்திய மொழியில் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றிய நாராயண வாமன் திலகர் (1861-1919) நாராயணராகவே இருந்தார். 1905-இல் எழுப்புதல் பற்றியெரிந்த முக்தி மிஷனை நிறுவியவரை இன்றும் பண்டித ரமாபாய் என்றே நன்றியோடு நினைவுகூருகிறோம். விருப்பத்தோடு புதிய பெயர் எடுத்தவர்களைக் குறைசொல்லவில்லை; அது அவர்களுடைய சாட்சி. கட்டாயமாக்குவதற்கு வேத ஆதாரம் இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. பதிவேட்டில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்கள் நம் சபைகளில் பலர். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தைச் சேர்ந்தவர்களையே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இக்கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆகவே பெயர் மாற்றம் ஏழை வீட்டில் ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பைத் தொடும் காரியமாகிறது. சான்றிதழில் மதத்தைக் குறித்து மெய்யல்லாததை எழுதுவது வேறு. தாய் தகப்பன் இட்ட பெயரை வைத்துக்கொள்வது வேறு. முன்னதைச் செய்யாதிருப்போம். பின்னதைச் செய்கிறவரை, பெயரை வைத்தே ‘மறைவான விசுவாசி’ என்று முத்திரை குத்தாதிருப்போம்.

பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்

எல்லையோரக் குடும்பங்களுக்கும் நகரத்தில் குடியேறியோருக்கும் பெயர் ஒரு நடைமுறைச் சிக்கலாகவும் இருக்கிறது. தாய்வீட்டுப் பிரசவம் கம்பத்தில்; பிறப்புப் பதிவு தமிழில். பள்ளி வண்டன்மேட்டில், அங்கே மலையாளத்தில். வேலை பெங்களூருவில்; அங்கே ஆங்கிலத்தில். தமிழில் ‘ப’ என்னும் ஒரே எழுத்து. மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். ஞானம் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜி’ எழுத்தில் தொடங்குகிறார், மற்றொருவர் ‘ஜே’ எழுத்தில். தேவசகாயத்தின் நடுவில் ஒருவர் ‘க’ ஒலியும் ஒருவர் ‘ஹ’ ஒலியும் எழுதுகிறார். ஒரே மனிதர் ஆவணங்களில் இரண்டு பேராகிவிடுகிறார்.

2023-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்நாளிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே பெயரிடாமல் பதிந்த பிறப்பில், ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்; அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. எழுதும் முன் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானியுங்கள். கடவுச்சீட்டில் முதலெழுத்தைச் சுருக்கமாக எழுத முடியாது. விரித்தே எழுத வேண்டும். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு இது முக்கியம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா மறுக்கத் தொடங்கியது. தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் வேறிடத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. நகரத்து அலுவலகங்களில் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக எழுதிவிட்டு, வாழ்நாளெல்லாம் தகப்பன் பெயராலேயே அழைக்கப்படுகிற வாலிபரையும் நாம் அறிவோம்!

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளை அறிந்த பெயரையே எடுங்கள். வேதப் பெயரானால் அந்த வேதபகுதியை முழுவதும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்ப் பெயரானால் தயங்காதீர்கள். பாட்டன் பாட்டியைக் கலந்து பேசுங்கள். அவர்களுடைய பெயரைப் பிள்ளைக்கு இட முடியாவிட்டாலும், அப்பெயர்களின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும், அதன் பொருளையும், அதை ஏன் இட்டீர்கள் என்பதையும் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றே பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் ‘அரைப் பேர்’ போட்டுவிடுவார்கள். அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். மனிதனின் பெயர் கூலிக் கணக்காகச் சுருங்கிப்போன இடம் அது. வேதத்தின் தேவன் அப்படிக் கணக்கெழுதுகிறவரல்ல. எகிப்திலே எபிரெயருக்கு மருத்துவம் செய்த சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு பெண்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன, அவர்களுக்குக் கட்டளையிட்ட பார்வோனின் சொந்தப் பெயர் எழுதப்படவில்லை (யாத். 1:15). நல்ல மேய்ப்பன் தம்முடைய ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று வாசிக்கிறோம் (யோவான் 10:3). சுருளியம்மாளையும் அவர் பெயர்சொல்லி அழைத்தார், பியூலாவையும் அழைக்கிறார்.

இன்று இரவு குடும்ப ஜெபத்துக்குப் பின்பு உங்கள் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, அவரவர் பெயரின் பொருளையும், அந்தப் பெயரை நீங்கள் தெரிந்துகொண்ட காரணத்தையும் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் ஊருக்குத் தொலைபேசியில் பேசி, பாட்டியின் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.